பதினொரு இணைப்புகள்

குழாயின் இருநூற்றுப் பதினாலாம் இணைப்பில், கெட்டி அளக்கும் மீட்டர் இருநூற்று எழுபத்தொன்று காட்டியபோது, கோளாறு மீட்டரில்தான் என்று அவள் நினைத்தாள். முனையைத் துணியால் துடைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த சோதனைக் கட்டியில் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். கட்டியில் இருநூறு என்று பொறித்திருந்தது. மீட்டரும் இருநூற்றொன்று என்றது. மறுபடி குழாயில் வைத்தாள். இருநூற்று அறுபத்தெட்டு. ஒரு விரற்கடை தள்ளி வைத்தாள். இருநூற்று எழுபத்து நாலு.

"சரிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாரப் பலகையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அனுமதித்த அளவு இருநூற்று முப்பத்தைந்து. அதைத் தாண்டினால், வெல்டிங் செய்த இடத்தை ஒட்டிய இரும்பு அளவுக்கு மேல் கெட்டியாகிவிட்டது என்று பொருள். கெட்டியான இரும்பு நல்லதுதானே என்று வெளியாட்கள் கேட்பார்கள். தண்ணீர்க் குழாய் என்றால் அவளும் ஆமாம் என்றிருப்பாள். இதில் போகப்போவது ஹைட்ரஜன். இருக்கிற அணுக்களிலேயே சின்னது, இரும்புக்குள்ளேயே புகுந்துவிடும். கெட்டியான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, மெல்ல மெல்ல அந்த இரும்பைப் பிஸ்கட் மாதிரி உடைய வைத்துவிடும்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இரும்பு ஆலையில் வெல்டிங்கைச் சோதிக்கிற வேலையில் பத்தொன்பது வருடம். தோளில் எந்நேரமும் மீட்டர் பை தொங்கியதால் அவளுக்கு மீட்டரக்கா என்றே பெயர் ஆகிவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கணவர் கப்பலில் எஞ்சின் பார்ப்பவர். நாலு மாதம் வீடு, எட்டு மாதம் கடல்.

ஒன்றரை கிலோமீட்டர் நீளக் குழாய் அது. ஒரு முனையில், தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் புதுக் கட்டடம். மறுமுனையில் புது உலை. இரும்புக் கல்லில் இரும்பும் ஆக்ஸிஜனும் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும். எண்பது வருடமாக அந்த ஆலையில் கோக்தான் அந்த ஆள். நிலக்கரியைக் காற்றுப் படாமல் அடுப்பில் வாட்டியெடுக்கும் கரி. அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகப் புகைபோக்கி ஏறும். இனி ஹைட்ரஜன் அந்த வேலையைச் செய்யும். ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாக வெளியேறும். இதை அவள் ஒருமுறை வீட்டில் விளக்கிச் சொன்னபோது, அவளுடைய அண்ணன், "அப்போ இனிமே புகைபோக்கிக்குக் கீழ பக்கெட் வெச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டார்.

அண்ணன் கோக் அடுப்பில் ஷிஃப்ட் பொறுப்பாளர். இருபத்தாறு வருடம். புது உலை நாற்பது நாள் நிற்காமல் ஓடிவிட்டால் அவருடைய அடுப்புகளை ஆற விடுவதாகத் திட்டம். கோக் அடுப்பு ஒருமுறை ஆறினால் ஆறினதுதான். உள்ளே செங்கல் சுருங்கி வெடித்துவிடும். மறுபடி மூட்ட முடியாது.

அவள் சாரத்திலிருந்து இறங்கி, தளத்து அறைக்குப் போய் பதிவேட்டைப் புரட்டினாள். இருநூற்றுப் பதினாலு எந்தத் தேதியில் வெல்டிங் ஆனது என்று பார்த்தாள். அன்றும் மறுநாளும் சேர்த்துப் பதினொரு இணைப்புகள், இருநூற்று ஒன்பது முதல் பத்தொன்பது வரை. மாலைக்குள் பதினொன்றையும் அளந்துவிட்டாள். பதினொன்றுமே அளவுக்கு மேல்.

பிறகுதான் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். வெல்டிங்குக்கு முன் குழாயை நூற்றிருபது டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். சூடாக்காமல் வெல்டிங் செய்தால் இரும்பு சட்டென்று குளிர்ந்து கெட்டியாகிவிடும். அந்தக் கட்டத்தில் பதினொரு வரியிலும் நூற்றிருபது, நூற்றிருபது என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. அடியில் 'நேரில் பார்த்தேன்' என்ற அச்செழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. அவளுடையதேதான்.

அந்த இரண்டு நாளும் அவள் ஆலையிலேயே இல்லை. அடுப்பின் மேல்தளத்தில் அண்ணன் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் மூச்சுச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அவள் அங்கே தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்து, மேசையில் குவிந்திருந்த தாள்களில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள். இரண்டு நாள் வேலைதானே, நம்ம ஆட்கள்தானே என்று.

அந்த இணைப்புகளைச் செய்த வெல்டரை ரெட்டைக்கை என்பார்கள். இரண்டு கையாலும் ஒரே மாதிரி வெல்டிங் செய்வான். குறுகலான இடமென்றால் அவனைத்தான் தேடுவார்கள். அவன் முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு வந்தான்.

"எக்ஸ்ரே எல்லாம் சுத்தமா வந்துச்சேக்கா."

"எக்ஸ்ரேயில ஓட்டை தெரியும். கெட்டி தெரியாது. அந்த ரெண்டு நாளும் சூடு பண்ணினீங்களா?"

"ஒரே மழைக்கா அன்னிக்கு."

"மழை எனக்கும் தெரியும். சூடு பண்ணினீங்களா, இல்லையா?"

அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "மொதல்ல பண்ணினோம். பர்னர் காத்துல அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் சிலிண்டரே தீர்ந்து போச்சு. ஆபீஸ்ல கேட்டா, நாளைக்கு வரும், வேலைய நிறுத்தாதீங்கன்னாங்க."

"நூத்திருபதுன்னு எழுதினது யாரு?"

"நான்தான். அந்தக் கட்டத்தக் காலியா விட்டா நீங்க கையெழுத்து போட மாட்டீங்களே."

"நீ எழுதினேன்னு நானும் போட்டுட்டேனே" என்றாள் அவள்.

திட்ட மேனேஜரின் அறைச் சுவரில் ஒரு பலகை தொங்கும். உலை தொடங்க இன்னும் எத்தனை நாள் என்று தினமும் காலையில் அவரே எண்ணை மாற்றி வைப்பார். அன்றைக்குப் பத்தொன்பது. கெட்ட மனிதர் இல்லை, தூக்கம்தான் கெட்டுப்போயிருந்தது. அவள் நீட்டிய தாளை இரண்டு தடவை படித்தார்.

"தண்ணி சோதனை பாஸ் ஆயிடுச்சு மேடம். ஒன்றரை மடங்கு அழுத்தம். ஒரு சொட்டு கசியல."

"தண்ணி இரும்புக்கு வெளியவே நின்னுடும் சார். இது உள்ள போகும்."

"உடனே உடைஞ்சிடுமா?"

"உடனே உடையாது. ஒரு வருஷம் ஆகலாம், அஞ்சு வருஷம் ஆகலாம். எப்போன்னு தெரிஞ்சா நானே தேதி எழுதிக் குடுத்துடுவேன்."

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க அண்ணன் கோக் அடுப்புலதானே இருக்கார்?" என்றார்.

அவளுக்குக் காது வரை சூடேறியது. "ஆமா சார். எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். கையெழுத்து விஷயத்தைச் சொல்லத்தான் பதிவேட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தாள். அந்தக் கேள்விக்கு அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. பதிவேடு அவளோடேயே திரும்பி வந்தது.

மதியம் கேன்டீன் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற யாரோ, காதில் விழட்டும் என்றே சொன்னார்கள்: "அண்ணன் அடுப்பு அணையாம தங்கச்சி ஊதிக்கிட்டு இருக்கா." நாலு பேர் சிரித்தார்கள். அவள் தட்டை நிரப்பிக்கொண்டு, அந்த நாலு பேருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வாய்கூட ருசிக்கவில்லை.

அண்ணன் வீடு மாடியில், அவள் வீடு கீழே. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் இறங்கி வந்துவிட்டார். கையில் ஆரஞ்சுப் பை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சபாஷ் பாப்பா! ஆலை முழுக்க உன் பேச்சுத்தான்" என்று சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பழம் உரிக்க ஆரம்பித்தார். "நம்ம வீட்டுல எனக்கு ஒருத்தி இருக்கான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"நான் உனக்காகப் பண்ணலைண்ணா."

"யாருக்காகப் பண்ணினா என்ன? ஒரு ஆறு மாசம் இழு. ஆறு மாசத்துல எவ்வளவோ நடக்கும். புதுசா ஒருத்தன் தலைவரா வருவான், இந்த நீராவிக் கதை எல்லாம் வேணாம்பான்."

"குழாய் மட்டும் நல்லா இருந்திருந்தா இன்னிக்கே கையெழுத்து போட்டிருப்பேன். உன் அடுப்பு அணையும்னு தெரிஞ்சேதான் போட்டிருப்பேன்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "போட்டிருப்பியா?"

"போட்டிருப்பேன்."

அதற்குள் அண்ணி வாசலில் வந்து நின்றாள். அண்ணிக்கு மெதுவாகப் பேச வராது. "நல்லாக் கேளு. அடுப்பு, அடுப்புன்னு உருகறாரே, டாக்டர் குடுத்த சீட்டை எங்க வெச்சிருக்கார்னு கேளு. டிவிக்குப் பின்னாடி! இனி அந்த மேல்தளத்துல ஒரு நாள்கூட நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. நான் தூசி தட்டும்போது கிடைச்சுது."

"உனக்கென்ன தெரியும்? அந்த அடுப்பை விட்டா நான் யாரு?" என்றார் அண்ணன். பாதி உரித்த பழத்தை மேசையில் வைத்துவிட்டு மாடிப்படி அதிர ஏறிப் போனார்.

அண்ணி போகவில்லை. அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து மீதிப் பழத்தை உரித்து, பாதியை அவள் கையில் வைத்தாள். "இது மட்டுமில்ல. வேற என்னவோ இருக்கு உன் மூஞ்சியில."

அவள் சொன்னாள். தாழ்வாரம், பிளாஸ்டிக் நாற்காலி, மூன்றாம் நாள் மேசையில் கிடந்த தாள்கள். சொல்லி முடிக்கும்வரை அண்ணி குறுக்கே பேசவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"நாளைக்குக் காலையில மொத வேலையா நீயே போய்ச் சொல்லிடு" என்றாள் அண்ணி. "அடுத்தவன் தோண்டி எடுத்தான்னு வெச்சுக்கோ, அண்ணனுக்காகத் தங்கச்சி கோல்மால் பண்ணினான்னுதான் ஊர் பேசும். அப்புறம் குழாய் உடைஞ்சாலும் உன் பேச்சு எடுபடாது."

மறுநாள் மேனேஜர் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தபோதே அவள் உள்ளே போனாள். பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது என் கையெழுத்து சார். அன்னிக்கு நான் இங்க இல்ல. பாக்காத வேலையப் பாத்தேன்னு போட்டிருக்கேன். தப்பு என்னோடது. எழுதியும் குடுத்திருக்கேன்."

அவர் தாளை வாங்கிக்கொண்டாரே தவிரப் படிக்கவில்லை. அவளையே பார்த்தார்.

"இன்னொண்ணு. உங்களுக்கு என் மேல சந்தேகம். உங்க இடத்துல நான் இருந்தா எனக்கும் வரும். வெளியாள் ஒருத்தரைக் கூப்பிடுங்க. அவரோட மீட்டரைக் கொண்டு வரட்டும். என் தாளைக் காட்டாதீங்க. எந்த ஜாயிண்ட்டுன்னும் சொல்லாதீங்க. இருநூறுல இருந்து இருநூத்தி முப்பது வரைக்கும் அளக்கச் சொல்லுங்க. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்."

"எல்லாம் நல்லா இருக்குன்னு அவர் சொல்லிட்டா?"

"என் மீட்டரைக் குப்பையில போட்டுடுங்க. என்னையும் சேர்த்து."

அவர் பதிவேட்டின் பக்கத்தை விரலால் தடவினார். "ஏன் சூடு பண்ணல?"

"சிலிண்டர் தீர்ந்து போச்சு. கேட்டதுக்கு, வேலைய நிறுத்தாதீங்கன்னு பதில் வந்திருக்கு."

"யாருகிட்ட இருந்து?"

"உங்க ஆபீஸ்லேர்ந்துதான் சார்."

அவர் கையில் வைத்திருந்த அன்றைய எண்ணைப் பலகையில் மாட்டாமலே மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

வெளியிலிருந்து வந்தவர் வாயைத் திறக்காத ரகம். தடித்த கண்ணாடி, சின்னப் பெட்டி. இரண்டு நாள் முப்பத்தொரு இணைப்புகளையும் வரிசையாக அளந்தார். அந்த இரண்டு நாளும் அவள் ஆலையின் மறுகோடியில் பழைய தொட்டி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். கை தொட்டியில் இருந்தது, காது போனில் இருந்தது.

மூன்றாம் நாள் அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்துத் தாளைப் படித்தார்கள். மற்ற இருபதும் சரி. பதினொன்றில் ஒன்பது அளவுக்கு மேல். இருநூற்றுப் பதினொன்றும் பதினாறும் அளவுக்குள்தான் இருந்தன.

"இந்த ரெண்டும் உங்களுக்கு எப்படி அதிகமாக் காட்டுச்சு?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். மேலே படிந்திருந்த துருத்தோலை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மீட்டரை வைக்க வேண்டும். மாலை ஆகிவிட்ட அவசரத்தில் அந்த இரண்டையும் அரைகுறையாகத் தேய்த்திருந்தாள். அதிகமாகத்தான் இருக்கும் என்ற நினைப்போடு வைத்தாள்; அதிகமாகக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள். குறைவாகக் காட்டியிருந்தால் மறுபடி வைத்துப் பார்த்திருப்பாள்.

"சரியாத் தேய்க்கல. அவசரப்பட்டுட்டேன்" என்றாள். மேனேஜர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஒன்பதையும் வெட்டி எடுத்து மறுபடி பொருத்துவதென்றால் மூன்று மாதம். வெட்ட வேண்டியதில்லை, அறுநூற்றிருபது டிகிரிக்குச் சூடேற்றி மெதுவாக ஆற விட்டால் இரும்பு இளகிக் கொடுக்கும் என்றார் கண்ணாடிக்காரர். அதற்கென்று மின்சாரப் பட்டைகள் உண்டு. பீங்கான் மணிகள் கோத்தவை, குழாயைச் சுற்றிக் கட்டுவார்கள். பட்டைகளுக்காக வெளி ஒப்பந்தக்காரரிடம் கேட்டார்கள். ஐந்து வாரம் ஆகும் என்றார்.

அப்படிப்பட்ட பட்டைகள் இரண்டு செட் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரிந்திருந்தது போல. "கோக் அடுப்பு ஸ்டோர்ல, கேஸ் குழாய் ரிப்பேருக்கு வெச்சிருக்காங்க" என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு. "ஷிஃப்ட் பொறுப்பாளர் கையெழுத்து போட்டாத்தான் வெளிய எடுக்க முடியும். நான் மேல சொல்லி உத்தரவு வாங்கலாம், ஆனா..."

"வேணாம் சார். நான் கேக்கறேன்."

கோக் அடுப்புப் பக்கம் அவள் அதிகம் போனதில்லை. வீடுகளின் சுவர் மாதிரி நீளமாக நிற்கும் அடுப்பு வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஆளைவிட உயரமான இரும்புக் கதவு. ஒரு கதவு திறந்து, செக்கச் சிவந்த கரி வண்டியில் சரிந்தது. நாற்பதடி தள்ளி நின்றவளுக்கே முகம் காந்தியது. மேல்தளத்தில் நடக்கிறவர்கள் மரத்தால் அடி வைத்த செருப்பு போட்டிருந்தார்கள். ரப்பர் என்றால் உருகிவிடும்.

அண்ணன் கண்ணாடி அறைக்குள் இருந்தார். நாலு நாளாக இருவருக்கும் பேச்சில்லை. அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அதாவது, என் அடுப்பை அணைக்கிறதுக்கு எங்கிட்டயே சாமான் கேட்டு வந்திருக்க."

"ஆமா."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. அதான் போன் பண்ணாம நேர்ல வந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்ததை அடக்கிக்கொண்டார். "அந்தப் பதினொண்ணை மட்டும் எப்படி விட்ட நீ? சூடு பண்ணலைன்னா அங்கேயே கத்தியிருப்பியே."

"நான் அங்க இல்லைண்ணா. ரெண்டு நாள் லீவு. வந்து பாக்காமயே கையெழுத்து போட்டுட்டேன்."

"என்ன லீவு? நீதான் காய்ச்சல்னாக்கூட வருவியே."

அவர் மேசை நாட்காட்டியைப் பார்த்தார். ஒரு தாளைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

"நான் உன்ன வர வேணாம்னுதானே சொன்னேன்" என்றார் கடைசியில்.

"சொன்ன. மூக்குல குழாய் மாட்டிக்கிட்டு சொன்ன."

வெளியே இன்னொரு கதவு திறந்து கரி சரியும் சத்தம் கேட்டது. அவர் இழுப்பறையிலிருந்து ஸ்டோர் புத்தகத்தை எடுத்தார். இரண்டு செட், நீள ஒயர் எட்டு, வெப்பம் அளக்கும் கம்பி பதினாறு என்று ஒவ்வொன்றாக எழுதினார். கையெழுத்துப் போடும் முன், "இதை நான் குடுக்கலைன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"அஞ்சு வாரம் காத்திருப்பேன். குழாய் அப்படியே இருக்கும். நான் கையெழுத்து போட மாட்டேன்."

"தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பட்டைகளை மட்டும் அனுப்பிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் நேரே குழாய்ப் பக்கம் வந்துவிடுவார். கேட்டால், "என் சாமான். ஒரு மணி உடைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும்" என்பார். ரெட்டைக்கை பட்டையைக் குழாயில் சுற்றுவான். இவர் கீழே நின்று, இன்னும் இறுக்கு, அங்கே இடைவெளி தெரியுது என்று கத்துவார். சூடு ஏறும் வேகத்தையும் ஆறும் வேகத்தையும் அவள் அரை மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதினாள். இந்த முறை ஒவ்வோர் எண்ணையும் தன் கையால் எழுதினாள். ரெட்டைக்கை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டான்.

ஐந்து நாளில் ஒன்பதும் முடிந்தன. எட்டின் அளவு இருநூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இருநூற்றுப் பத்தொன்பதாம் இணைப்பு மட்டும் இறங்கவில்லை. மறுபடி சூடேற்றினார்கள், இருநூற்று நாற்பத்தெட்டிலேயே நின்றது. அதை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று ஆனது. வெட்டியெடுத்த வளையத்திலிருந்து ஒரு துண்டைச் சோதனைக்கூடத்தில் கண்ணாடி போலத் தேய்த்து உருப்பெருக்கியின் அடியில் வைத்தார்கள். வெல்டிங்கின் ஓரத்தில், வேரைப் போல, ஒரு விரிசல். தலைமயிரில் பாதி கனம்கூட இல்லை. மழையில் வெல்டிங் செய்தபோதே விழுந்தது. இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்ததால் எக்ஸ்ரேயில் தெரியவில்லை.

மேனேஜர் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். எழுந்து, கண்களைக் கசக்கிக்கொண்டு, மறுபடி குனிந்து பார்த்தார்.

"இது வழியா அது போயிருக்கும், இல்ல?"

"போயிருக்கும் சார்."

மன்னிப்பு என்று எதுவும் அவர் கேட்கவில்லை. அவர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையின் நகல் அவளுக்கும் வந்தது. சிலிண்டர் இல்லாதபோது வேலையை நிறுத்தாதே என்று சொன்னது தன் அலுவலகம்தான் என்று அதில் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார். இரண்டாம் பத்தியில் அவளுடைய கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டும் உண்மை. அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. ரெட்டைக்கைக்கு ஒரு மாதம் ஹைட்ரஜன் குழாயில் வேலை கிடையாது என்றார்கள். கேன்டீன் வரிசையில் பேசிய ஆள், ஒருநாள் தானாகவே நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அவள் அந்த இடத்தில் நின்றுகொண்டாள்.

குறித்த நாளுக்குப் பதினேழு நாள் தாமதமாக அவள் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டாள். உலை தொடங்கியது. முதலில் வந்த இரும்பைப் பார்த்து எஃகு உருக்கும் பிரிவில் ஏகப்பட்ட குறை சொன்னார்கள். இதில் கரியே இல்லை, உருக்க மின்சாரம் அதிகம் தின்கிறது, பழைய இரும்புதான் சொன்ன பேச்சுக் கேட்கும் என்றார்கள். அளவு பார்த்து வெளியிலிருந்து கரி சேர்க்கக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது. ஒருநாள் மின்சாரம் போதாமல் உலையே பாதி வேகத்தில் ஓடியது. நாற்பது நாள் என்பது அறுபத்திரண்டாக நீண்டது. ஆனாலும் ஓடியது.

அடுப்பு அணைந்த அன்று அண்ணன் வேலைக்குப் போனார். கடைசி அடுப்பறையின் கரியைத் தள்ளும் இயந்திரத்தை அவரே இயக்கினாராம். பிற்பகல் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தார். மறுநாள் காலை பத்து வரை எழுந்திருக்கவில்லை. அண்ணி மூன்று தடவை மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வந்து சொன்னாள்: "இருமல் இல்லாம தூங்கறார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படி நான் பாத்ததே இல்ல." சொல்லிவிட்டு, ஏனோ அண்ணிக்கே கண் கலங்கிவிட்டது.

பத்து நாள் அவர் ஜன்னலோரமே கதியாகக் கிடந்தார். பதினோராம் நாள் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. குழாய்க் காவல் அணியில் ஓர் இடம் இருக்கிறது. ஷிஃப்டுக்கு மூன்று முறை குழாய் நெடுக நடந்து, வெப்பத்தைப் படமாகக் காட்டும் கேமராவில் கசிவும் தீயும் பார்க்க வேண்டும். வெயிலில் நடக்கலாம், அனலில் நிற்க வேண்டாம். ஆனால் முதலில் நாற்பது கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். "இந்த வயசுல பரீட்சையா?" என்று அவர் கடிதத்தை மடித்து டிவிக்குப் பின்னால் வைத்தார். அண்ணி எடுத்து மேசையில் வைத்தாள். மறுபடி அவர் வைத்தார், அண்ணி எடுத்தாள். கடைசியில் எழுதப் போனார். இரண்டு மதிப்பெண்ணில் போனது.

அன்று மாலை அவள் சாரத்தின் மேல் இருந்தாள். இரண்டாவது உலைக்கான குழாய் வேலை ஆரம்பித்திருந்தது. போன் அடித்தது.

"பாப்பா, அடுத்த வாரம் மறுபடி எழுதலாமாம். பதினேழாவது கேள்வி. பட்டப்பகல்ல ஹைட்ரஜன் தீப்பிடிச்சா எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேட்டிருக்கான். நான் கண்ணால பாப்பேன்னு எழுதினேன். தப்புங்கறான்."

"தப்புத்தான்ணா. பகல்ல அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் கேமரா."

"கண்ணுக்குத் தெரியலைன்னா அது என்ன தீ? இருபத்தாறு வருஷம் தீயோட இருந்திருக்கேன், எனக்குச் சொல்லித் தர்றியா?"

"கிட்டப் போனா சுட்டுடும். சுட்டா நம்புவியா?"

மறுமுனையில் பின்னால் அண்ணி என்னவோ சொல்வதும், அவர் "சும்மா இரு, எழுதிக்கிட்டு இருக்கேன்" என்பதும் கேட்டது. பேனா தாளில் கீறும் சத்தம்.

"சரி" என்றார். "பதினெட்டாவது?"